போனில் பறக்கிறது, கம்ப்யூட்டரில் நகர மாட்டேன் என்கிறது: எதற்குச் செலவழிக்கலாம்?

கும்பகோணத்தில் இருக்கும் பெரியப்பா போன மாதம் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நெட் கம்பெனியிலேர்ந்து முந்நூறு பிளானுக்கு மாறச் சொல்றாங்க. மாறிடட்டுமா?" இப்போது எந்த பிளான் என்று கேட்டேன். நூறாம், அதாவது வினாடிக்கு நூறு மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகம். போனில் எப்படி வருகிறது? "போன்ல ஜம்முனு வருது. இந்த லேப்டாப்லதான் டிக்கெட் பக்கம் திறக்கறதுக்குள்ள தத்காலே முடிஞ்சுடுது."

அவர் கடைசியாகச் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரே இணைப்பு, ஒரே ரவுட்டர். போனில் ஓடுகிறது, டிவியில் ஓடுகிறது, ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நொண்டுகிறது. அப்படியானால் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பில் அநேகமாகக் கோளாறு இல்லை. ரவுட்டருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் நடுவிலோ, கம்ப்யூட்டருக்குள்ளேயோதான் இருக்கிறது. ஆனால் பலர் முதல் வேலையாக பிளானை ஏற்றிவிடுகிறார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு வழிகள் உண்டு, சிலவற்றுக்குக் காலணா செலவில்லை. "எதைச் செய்வது?" என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்காக எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

செலவு என்றால் கடையில் கொடுக்கும் பணம் மட்டும் நம் கண்ணில் படும். அது ஒருமுறைச் செலவா, மாதாமாதம் போகும் செலவா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. மாதம் இருநூறு ரூபாய் கூடுதல் என்றால் சின்னதாகத் தெரியும். வரியைச் சேர்க்காமலே இரண்டு வருடத்துக்கு 4,800 ரூபாய்.

அடுத்து, செய்ததைத் திருப்ப முடியுமா? சரிப்படவில்லை என்றால் பழைய நிலைக்கு வர எவ்வளவு பாடுபட வேண்டும்? அப்புறம் நம் நேரம், அல்லது ரிப்பேர் கடைக்காரர் நேரம். இன்னும் இரண்டு வருடமாவது அந்தத் தீர்வு தாங்குமா என்பதும் முக்கியம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு: கோளாறு இருக்கும் இடத்தைத்தான் அந்த வழி தொடுகிறதா? இல்லை என்றால் மற்ற நான்கிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் வீண். அதனால் காசை எடுப்பதற்கு முன் இருபது நிமிடம் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

## அந்த இருபது நிமிடம்

போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாலில் ரவுட்டருக்கு அடியில் உட்கார்ந்து போனில் வேகம் பார்த்துவிட்டு, பின்கட்டு அறையில் இருக்கும் கம்ப்யூட்டரோடு ஒப்பிடுவதில் நியாயம் இல்லை. கம்ப்யூட்டர் மேசை மேலேயே போனை வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் ஸ்பீட் டெஸ்ட் செய்யுங்கள். மொபைல் டேட்டாவை அணைக்க மறந்து, "போனில் நன்றாக வருகிறதே" என்று நம்பிக்கொண்டிருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து அதே டெஸ்டைக் கம்ப்யூட்டரிலும் ஓட்டுங்கள்.

டெஸ்டில் நல்ல எண் வந்தும் பக்கங்கள் மட்டும் மெதுவாகத் திறக்கின்றன என்றால், குற்றவாளி இணைப்பு அல்ல. ஸ்பீட் டெஸ்ட் என்பது ஒரே குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டு அளப்பது மாதிரி. ஒரு செய்தித் தளம் திறப்பது அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் வர வேண்டும், அவற்றில் உள்ள நிரல்களைப் பிராசசர் ஓட்ட வேண்டும், பாதியை டிஸ்க்கில் எழுத வேண்டும்.

ரவுட்டரைத் தட்டிப் பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் (ping) கட்டளையோடு ரவுட்டரின் எண்ணை அடியுங்கள். பெரும்பாலான வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பதில் வரும் நேரம் 1 முதல் 5 மில்லிசெகண்டுக்குள் சீராக இருந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது. 3, 4, 280, 5, 410 என்று குதித்தாலோ, பதிலே வராமல் போனாலோ, கோளாறு உங்கள் வீட்டுச் சுவர்களுக்குள்தான். ரவுட்டர் வரை சீராக இருந்து, வெளியே 8.8.8.8-க்கு அடித்தால் மட்டும் குதிக்கிறது என்றால் கம்பெனி பக்கம் பார்க்க வேண்டும்.

டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கனமான தளத்தைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் அப்படியே நிற்கிறதா? மெமரி (ரேம்) 90-ஐத் தாண்டுகிறதா? பிராசசர் மூச்சு வாங்குகிறதா? அல்லது நீங்கள் எதுவுமே செய்யாதபோதும் நெட்வொர்க் ஓடிக்கொண்டே இருக்கிறதா? கல்யாண போட்டோக்களைக் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள் போதும், மற்ற எல்லாம் வரிசையில் காத்துக் கிடக்க.

பிரைவேட் விண்டோ. அதே தளத்தை பிரவுசரின் பிரைவேட் விண்டோவில் திறங்கள். நீங்களாக அனுமதித்திருந்தால் தவிர, எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்கள்) அங்கே வேலை செய்யாது. அங்கே வேகமாகத் திறந்தால் எக்ஸ்டென்ஷன்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

## பிரவுசரைச் சரிசெய்வது

செலவு இல்லை, அரை மணி நேர வேலை. பிரைவேட் விண்டோ சோதனையில் வித்தியாசம் தெரிந்தவர்கள் வேறு எதற்கும் போக வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தால் நீங்கள் போட்டதாக நினைவே இல்லாத இரண்டு மூன்று இருக்கும். பிடிஎஃப் மாற்றித் தருவது, கூப்பன் தேடித் தருவது, தேடல் பக்கத்தையே மாற்றிவைப்பது. இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அதற்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப் எவ்வளவு மெமரி தின்கிறது என்று அதில் தெரியும். டேப்களைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்து ஓட்டுவதுதான் குரோமின் அமைப்பு. 4 ஜிபி ரேமில் முப்பது டேப் என்பது ஓட்டு வீட்டில் முப்பது பேரைப் படுக்க வைப்பது போல.

விளம்பரத் தடுப்பானை மட்டும் நான் கூடுதலாகப் போடச் சொல்வேன். பழைய கம்ப்யூட்டரில் வேறெந்த எக்ஸ்டென்ஷனும் இவ்வளவு வேகம் தருவதில்லை, ஏனென்றால் தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவற்றில் செய்தியைவிட விளம்பரம்தான் கனம். யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானின் முழுப் பதிப்பு ஃபயர்ஃபாக்ஸில் ஓடுகிறது. குரோமில் இப்போது லைட் பதிப்புதான்.

மறைமுகச் செலவும் ஒன்று இருக்கிறது. "எல்லாவற்றையும் அழி" என்று அழுத்தும்போது சேமித்த பாஸ்வேர்டுகளும் சேர்ந்து போகலாம். திரும்ப உள்ளே நுழைய ஓடிபி கேட்கும், அது நீங்கள் மூன்று வருடத்துக்கு முன் விட்டுவிட்ட சிம்முக்குப் போகும். அழிக்கும் முன் டிக் பெட்டிகளைப் படியுங்கள். வாராவாரம் கேஷ் அழிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை வேகமாகத் திறப்பதற்காகச் சேர்த்து வைத்ததுதான் கேஷ். ஒரு தளம் கோணல்மாணலாகத் தெரிந்தால் அழியுங்கள், வேகத்துக்காக அழிக்காதீர்கள்.

## டிஎன்எஸ் மாற்றுவது

யூடியூபில் "இந்த நம்பரைப் போடுங்கள், நெட் பத்து மடங்கு வேகம்" என்று வரும் வீடியோக்கள் இதைப் பற்றித்தான். 8.8.8.8 கூகுளுடையது, 1.1.1.1 கிளவுட்ஃபிளேருடையது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது மட்டுமே டிஎன்எஸ் வேலை. முகவரி கிடைத்த பிறகு அதற்கு அங்கே வேலையில்லை.

போனும் கம்ப்யூட்டரும் ரவுட்டர் சொல்லும் ஒரே டிஎன்எஸ்ஸைத்தான் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. போனில் நன்றாக இருந்தால் இதனால் பெரிய மாற்றம் வராது. ஒரு விதிவிலக்கு: யாரோ எப்போதோ இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் கையால் ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்து, அது இப்போது செத்துக் கிடந்தால். அப்போது பக்கம் முதலில் நீண்ட நேரம் வெள்ளையாக நின்று, பிறகு சட்டென்று மொத்தமும் வரும். அமைப்பைத் "தானாக" என்று மாற்றினாலே போதும். பார்க்கும்போதே பிராக்ஸி (இணையத்துக்குப் போகும் வழியில் நடுவில் நிற்கும் வேறொரு கம்ப்யூட்டர்) அமைப்பையும் பாருங்கள். இலவச விபிஎன் போட்டு எடுத்தவர்கள் கம்ப்யூட்டரில் அது பாதியில் விட்ட பிராக்ஸி அடிக்கடி கிடக்கும்.

## கேபிள் இழுப்பதா, வைஃபையைத் திருத்துவதா

பிங் சோதனையில் எண்கள் குதித்தவர்களுக்கு இந்தப் பகுதி.

பெரியப்பா வீட்டில் குதித்தன. காரணம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது. ஹாலில் டிவிக்கு மேலே ரவுட்டர், அடுத்த அறையில் லேப்டாப், நடுச் சுவரை ஒட்டி ஆறரை அடி இரும்பு பீரோ, அதன் கதவில் ஆள் உயரக் கண்ணாடி. இரும்புத் தகட்டையும் கண்ணாடியின் உலோகப் பூச்சையும் வைஃபை துளைக்காது. சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். பீரோவை நகர்த்தலாமா என்று கேட்டேன். பெரியம்மா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

இன்னொரு காரணம் லேப்டாப்பிலேயே இருந்தது. பழைய, விலை குறைந்த லேப்டாப்களில் ஒற்றை ஆன்டெனா வைத்த, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பிடிக்கும் வைஃபை கார்டு இருக்கும். எல்லாம் கூடிவந்தாலும் அதன் லிங்க் ஸ்பீட் வழக்கமாக 72 எம்பிபிஎஸ்தான், நடைமுறையில் கிட்டத்தட்ட அதில் பாதி. போனோ 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், நம் வீட்டு புளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் முட்டிக்கொள்கின்றன. இந்த லேப்டாப்புக்கு 300 பிளான் போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது.

*லேன் கேபிள்* என் முதல் தேர்வு. கேட்5இ வகையே 100 மீட்டர் வரை ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) தாங்கும், வீட்டுக்கு 15 மீட்டர் தாராளம். உள்ளே எட்டு கம்பிகள். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். எலி கடித்தோ கதவிடுக்கில் நசுங்கியோ ஒன்று அறுந்தால் வேகம் 100-க்கு இறங்கி ஓடலாம். பக்கங்கள் திறக்க அதுவே அதிகம். 10 என்று காட்டினால் அநேகமாக கிரிம்ப் சரியில்லை, முனையை வெட்டி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். மறைமுகச் செலவு சுவரில் போடும் துளை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள்ளேயே இதையும் திணிக்க எலக்ட்ரீஷியன் பார்ப்பார், விடாதீர்கள்.

*யூஎஸ்பி வைஃபை அடாப்டர்*: கேபிள் இழுக்கவே முடியாத வீட்டுக்கு. இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் மாடலாக வாங்குங்கள், 2.4 மட்டும் பிடிப்பதை வாங்கினால் பழைய கதைதான். நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் அதிலிருந்து வரும் இரைச்சல் 2.4 வைஃபையைக் கெடுக்கும். அடாப்டரை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டித் தள்ளி வையுங்கள்.

*ரிப்பீட்டர்*: வைஃபை சிக்னலை நடுவில் வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி. ஒரே ஒரு கம்ப்யூட்டருக்காக வாங்க வேண்டாம் என்பேன். விலை குறைந்தவை வாங்குவதையும் திருப்பி அனுப்புவதையும் ஒரே ரேடியோவில் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாடி முழுக்கவே சிக்னல் இல்லை, நாலு பேர் அங்கே போன் பார்க்கிறார்கள் என்றால் கணக்கு வேறு, அப்போது வீட்டில் பல இடத்தில் வைக்கும் பெட்டிகள் ஒரே வைஃபையாகச் சேர்ந்து ஓடும் மெஷ் பற்றி யோசிக்கலாம்.

கரண்ட் ஒயர் வழியாகவே நெட்டைக் கடத்தும் *பவர்லைன் அடாப்டர்* பற்றியும் கேட்கிறார்கள். நம் வீடுகளில் அது ஒரு சூதாட்டம். த்ரீ ஃபேஸ் வீட்டில் இரண்டு அறையும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் இணைப்பு தேறாது, ஸ்பைக் பஸ்டர் போர்டில் மாட்டினாலும் படுத்துவிடும். திருப்பிக் கொடுக்கலாம் என்று கடையில் சொன்னால் மட்டும் முயலுங்கள்.

## எஸ்எஸ்டி, ரேம்

கேபிள் போட்டதும் பெரியப்பா லேப்டாப்பில் ஸ்பீட் டெஸ்ட் 93 காட்டியது. அந்த லேன் போர்ட் 100 வகை, அதற்கு மேல் ஒன்றிரண்டு ஏறினாலே பெரிது. நான் வெற்றிக் களிப்போடு திரும்பிப் பார்க்கிறேன், அவர் டிக்கெட் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இப்பவும் அப்படித்தாம்ப்பா இருக்கு."

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோளாறு. இப்படி இருந்தால் முதலாவதைச் சரிசெய்தாலும் பலன் தெரியாது. "கேபிள் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

பழைய லேப்டாப்களில் இருப்பது நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க். பெரிய சினிமா ஒன்றை வரிசையாகப் படிக்கச் சொன்னால் சமாளிக்கும். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று பொறுக்கச் சொன்னால் வினாடிக்கு நூறு தடவைகூடத் திணறித்தான் எடுக்கும். பிரவுசரும் விண்டோஸ் அப்டேட்டும் ஆன்டிவைரஸும் கேட்பது அந்த இரண்டாவது வேலையை. ரேம் போதாமல் போனால் விண்டோஸ் மிச்சத்தையும் அதே டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், அங்கேதான் மொத்தமும் உறைகிறது. சுழலும் பாகமே இல்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டி, சாதாரண சாட்டா வகையே, இதே பொறுக்கும் வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும்.

ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குவது நல்லது. டிஸ்க் சுழல்வதாக இருந்து, இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் எஸ்எஸ்டி முதலில். ஏற்கனவே எஸ்எஸ்டி இருந்து மெமரி நிரம்பி வழிந்தால் ரேம். வாங்கும் முன் டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா, காலி ஸ்லாட் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ரேமை போர்டோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள்.

மறைமுகச் செலவு கடையில் இருக்கிறது. "எஸ்எஸ்டி போட்டு விண்டோஸும் போட்டுத் தர்றேன் சார்" என்றால், எந்த விண்டோஸ் என்று கேளுங்கள். லேப்டாப்போடு வந்த உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது, டிஸ்க் மாற்றினாலும் செல்லும். திருட்டுப் பதிப்பு போட வேண்டிய அவசியமே இல்லை. கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் பான், ஆதார் நகல் எல்லாம் அதில் இருக்கிறது. சில நூறு ரூபாய் கேஸ் வாங்கி அதில் போட்டு பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாம்.

## விண்டோஸைப் புதிதாகப் போடுவதா, லினக்ஸுக்குப் போவதா

டிஸ்க்கும் ரேமும் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் இழுக்கிறது, வருடக்கணக்கில் எதையெதையோ போட்டு எடுத்திருக்கிறீர்கள் என்றால் விண்டோஸைப் புதிதாகப் போடுவது சரி. இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் கம்ப்யூட்டர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். அங்கே முதலில் ஒன்றை நீக்கிப் பாருங்கள்.

பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு நெருக்கடி உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-ம் தேதி முடிந்தது. விண்டோஸ் 7, 8.1-ல் குரோம் 109-வது பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை பிராசசராவது வேண்டும். அது இல்லாத, ஆனால் நன்றாக ஓடும் கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று உண்மையிலேயே நல்ல மறுவாழ்வு.

லினக்ஸைப் போடாவிட்டாலும் அது ஒரு நல்ல சோதனைக் கருவி. பென்டிரைவிலிருந்தே பூட் செய்து, டிஸ்க்கைத் தொடாமல் பிரவுசரைத் திறந்து பார்க்கலாம். அதில் பக்கங்கள் ஓடினால் உங்கள் விண்டோஸோ டிஸ்க்கோதான் காரணம். அதிலும் நொண்டினால் வைஃபை கார்டு, ரேம், பிராசசர் பக்கம் போங்கள்.

ஆனால் இந்த வழியில்தான் மறைமுகச் செலவு மிக அதிகம். பத்து வருடத்துக்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் உண்டா? எழுத்துரு போனால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவை முதலில் எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், டேலி, பழைய பிரிண்டர் மூன்றில் ஒன்று இருந்தாலும் லினக்ஸுக்குப் போகும் முன் இரண்டு முறை யோசியுங்கள். மெயில், செய்தி, வங்கி, வீடியோ என்பதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

## பெரிய பிளான்

ஒரு கம்ப்யூட்டர் மட்டும் மெதுவாக இருக்கும்போது இது தீர்வே அல்ல. முழு எச்டி வீடியோவுக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15. சாதாரணப் பக்கங்களுக்கு அவ்வளவுகூட வேண்டாம்.

பிளானை ஏற்றுவது சரியான வீடுகளும் உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் டிவியில் 4கே, மாடியில் ஆன்லைன் வகுப்பு, ஒருவர் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, அந்த நேரத்தில் *எல்லா* கருவியும் சேர்ந்து திணறினால் ஏற்றுங்கள். மாதக் கடைசியில் மட்டும் எல்லாமே மெதுவானால் டேட்டா வரம்பு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கலாம். ஆப்பில் பார்த்தால் தெரியும்.

கஸ்டமர் கேரில் பேசும்போது "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அடுத்த பிளானைத்தான் காட்டுவார்கள். "ரவுட்டரில் கேபிள் நேரடியாகப் போட்டு இரண்டு லேப்டாப்பில் பார்த்தேன், இரண்டிலும் இவ்வளவுதான் வருகிறது" என்று சொல்லுங்கள். ஆளை அனுப்புவார்கள்.

## புதிய கம்ப்யூட்டர்

பிராசசரே பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு, பேட்டரி உப்பியிருக்கிறது, கீபோர்டில் நாலு எழுத்து வேலை செய்யவில்லை என்றால் எஸ்எஸ்டி, ரேம் என்று அதில் பணம் போடாதீர்கள். உப்பிய பேட்டரி இருந்தால் அதைச் சார்ஜ் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

புதிதாக வாங்குவதாலேயே வேகம் வந்துவிடாது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான சேமிப்பு) என்று மலிவாக விற்கும் லேப்டாப்கள் பெட்டியைத் திறந்த முதல் வாரத்திலிருந்தே இழுக்கும். அந்தக் காசுக்கு, கம்பெனிகள் பயன்படுத்தி விற்ற ரீஃபர்பிஷ்டு லேப்டாப் மேல். 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எழுத்தில் வாரண்டி. கோப்புகளை மாற்றும் ஒரு நாள், எம்எஸ் ஆபீஸ் உரிமம், பழைய பிரிண்டருக்கு டிரைவர் தேடும் இன்னொரு நாள், இவையும் விலையில் சேர்த்தி.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | திருப்ப முடியுமா | கவனிக்க வேண்டியது | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| பிரவுசர் | இல்லை | முடியும் | பாஸ்வேர்டு அழியலாம் | பிரைவேட் விண்டோவில் வேகம் வந்தவர்களுக்கு |
| டிஎன்எஸ், பிராக்ஸி | இல்லை | உடனே | பலன் குறைவு | வெள்ளைப் பக்கம் நின்று பிறகு சட்டென்று வந்தால் |
| லேன் கேபிள் | சில நூறு | முடியும் | துளை, எலி, வீட்டுக்காரர் | பிங் எண்கள் குதித்தால் |
| வைஃபை அடாப்டர் | சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் | முடியும் | யூஎஸ்பி 3 இரைச்சல், டிரைவர் | கேபிள் இழுக்க முடியாத அறைக்கு |
| எஸ்எஸ்டி, ரேம் | சில ஆயிரம் | முடியும் | திருட்டு விண்டோஸ், பழைய டிஸ்க் | டிஸ்க் 100, மெமரி 90 காட்டினால் |
| விண்டோஸ் அல்லது லினக்ஸ் | இல்லை, அல்லது கடைக் கூலி | கஷ்டம் | எழுத்துரு, டோக்கன், பிரிண்டர் | கருவி நன்றாக இருந்தும் இழுத்தால் |
| பெரிய பிளான் | மாதாமாதம் | மாதம் முடிந்ததும் | வரி சேர்த்துக் கணக்குப் போடுங்கள் | எல்லாக் கருவியும் சேர்ந்து திணறினால் |
| புதிய கம்ப்யூட்டர் | பல ஆயிரம் | முடியாது | மாற்றும் நாட்கள், உரிமங்கள் | பழையதில் மூன்று நான்கு கோளாறு சேர்ந்தால் |

ஆபீஸ் கொடுத்த லேப்டாப் மட்டும் இந்தப் பட்டியலில் வராது. விபிஎன்னை அணைத்ததும் வேகம் வருகிறதா என்று பார்த்து, வந்தால் அதை அப்படியே ஐடி பிரிவுக்கு எழுதி அனுப்புங்கள். நீங்களாக எதையும் கழற்றவோ நீக்கவோ வேண்டாம்.

பெரியப்பா 100 பிளானிலேயே இருக்கிறார். எஸ்எஸ்டி போட்ட மறுநாள் காலை பத்து மணிக்கு ஏசி வகுப்பு தத்காலில் சென்னைக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டுக் கூப்பிட்டார். பின்னணியில் பெரியம்மா, வாசல்படியைத் தாண்டிப் போகும் அந்த நீல ஒயரை எப்போது சுவரோடு சேர்த்து அடிக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறை போகும்போது ஒரு டப்பா கிளிப்பும் சுத்தியலும் எடுத்துப் போக வேண்டும்.